மைனஸ் நாற்பது

வெள்ளைத்துறையில் முதன்முதலாகப் பனி உறைந்தது சித்திரை மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, கலிஸ்தா நர்ஸின் பழைய வெள்ளைக் காருடைய பானட்டுக்கு அடியில். அதே நேரத்தில் உப்பளத்து ஆட்கள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள், பஸ் ஸ்டாண்டுத் தாரில் செருப்புகள் ஒட்டிக்கொண்டு காலோடு வர மறுத்தன, கோயில் மணியின் இரும்பு வளையத்தில் விரல் பட்ட உபதேசியார் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அதற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டார். இதையெல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கேட்பவர்கள் இது எங்கோ மலைநாட்டில் நடந்த சமாசாரம் என்று கம்பளியைத் தேடப் போய்விடுவார்கள்.

கார் வந்து நின்ற இடம் மெல்கியோரின் பட்டறை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பட்டுராஜன் டீக்கடைக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருபத்திரண்டு வருஷமாக அவன் கார்களுக்கு வயரிங்கும் சென்சார் வேலையும் பார்த்துவந்தான். வாசலில் தொங்கிய போர்டின் கடைசி வரி சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம்: ‘இங்கே ஒயரில் ஊசி குத்தப்படமாட்டாது.’ அர்த்தம் கேட்பவர்களுக்கு அவன் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு விளக்குவான். ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க முக்கால்வாசிப் பேர் அதன் ரப்பர் தோலில் ஊசியைக் குத்தி, அந்த ஊசியில் மீட்டரை வைப்பார்கள்; சுலபமான வழி; ஆனால் அந்தத் துவாரம் மூடாது, அதன் வழியாக உப்புக் காற்று உள்ளே போகும், செம்பு பச்சையாகும், பச்சை பொடியாகும், ஒருநாள் ஒயர் வெளியே பார்க்க முழுசாகவும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருக்கும். அதனால் அவன் எத்தனை நேரமானாலும் கனெக்டரைக் கழற்றி, அதன் பின்புறமாக மெல்லிய கம்பியை நுழைத்துத்தான் அளப்பான். மற்ற எலக்ட்ரீசியன்கள் அவனுக்கு ‘ஊசி போடாத டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

“ஏலே மெல்கி, வண்டி குளிருதுலே” என்றாள் கலிஸ்தா, சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டு இறங்கியபடி. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அளங்களுக்கு நடுவே இருக்கும் பதினோரு குடியிருப்புகளுக்கும் பிரசவம், ஊசி, கட்டு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான்; வரப்புப் பாதையில் ஓடப் பழகிய கார் அந்த ஊரில் அவளுடையது மட்டும்தான்.

“ஏசிய கூட்டி வச்சிருப்பீங்கக்கா.”

“ஏசி செத்து ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கு நீதான் சாவுச் சான்றிதழ் கொடுத்த.”

மெல்கியோர் காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினான். இஞ்சினின் வெப்பம் மைனஸ் நாற்பது என்றது. அவன் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்த எண் பழக்கமானது. காரின் கம்ப்யூட்டர் ஒரு ஒயரில் ஐந்து வோல்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். இஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் முங்கியிருக்கும் சென்சார், சூடு ஏற ஏற அதில் அதிகமாகக் குடித்துவிடும். மீதம் எவ்வளவு என்று பார்த்துக் கம்ப்யூட்டர் சூட்டைக் கணக்கிடும். ஒயர் நடுவே அறுந்துபோனால் குடிக்க ஆளில்லை, ஐந்தும் அப்படியே நிற்கும், கம்ப்யூட்டரின் அட்டவணையில் ஐந்துக்கு நேராக எழுதியிருப்பது மைனஸ் நாற்பது. பதில் வராத கேள்விக்கு அது தானே சொல்லிக்கொள்ளும் பதில் அது. செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்ற இரண்டு அளவுகோல்களும் தகராறு இல்லாமல் ஒத்துப்போகும் ஒரே இடமும் அதுதான் என்பதால், அந்தப் பொய்க்குக் கொஞ்சம் கூடுதலான கௌரவமும் உண்டு.

பானட்டைத் தூக்கியபோது வெள்ளையாக ஒரு மூச்சு வெளியே வந்தது. இஞ்சின் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

“உப்பாலே?”

அவன் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். “இல்லக்கா. கரிக்கல.”

மேலே மறைத்ததையெல்லாம் ஒரு மணி நேரம் எடுத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பின்புறமாக மீட்டரை வைத்தான். ஐந்து வோல்ட் இல்லை. அப்படியானால் ஒயர்தான், கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் எங்கோ. அவன் கண் ஒயரின் வழியே ஒரு சாண் தூரம் போய், அது இஞ்சினுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் நின்றது. நின்ற கணத்தில், ஒன்றரை வருஷமாக மறந்திருந்த ஒன்று ஞாபகம் வந்தது.

அது போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி மழை. இதே கார், ஸ்டார்ட் ஆகாமல் இதே இடத்தில் நின்றது. ஒன்பதாம் நம்பர் அளத்தில் முத்துக்கனி என்ற பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து வலி. கனெக்டரை எட்ட வேண்டுமானால் ஒரு மணி நேரம் கழற்ற வேண்டும். கலிஸ்தா பையைத் திறந்து ஒரு புது இஞ்செக்ஷன் ஊசியைப் பிரித்து நீட்டினாள். “இத வச்சுக் குத்து.”

“அக்கா, போர்டு போட்டிருக்கேன்.”

“போர்ட நான் வேணா திருப்பி மாட்டுதேன். குத்துலே. மனுசத் தோலே ரெண்டு நாள்ல மூடிக்கிடுது.”

குத்தினான். ஐந்து வோல்ட் வந்தது. அப்படியானால் கோளாறு இங்கே இல்லை என்று நிமிர்ந்து, நாலாவது நிமிஷத்தில் எர்த் ஒயரின் போல்ட் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தான். கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிறந்த அந்தப் பிள்ளை பிழைத்தது. வண்டி திரும்பி வந்ததும் துவாரத்தில் டேப் சுற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்தான், திரும்பி வந்தவள் கையில் மஸ்கோத் அல்வா இருந்தது, தின்றான், மறந்தான். எவ்வளவு சுத்தமாக மறந்தானென்றால், அதற்குப் பிறகும் நூறு பேருக்காவது அந்தப் போர்டை விளக்கியிருப்பான்.

இப்போது டீக்கடை பெஞ்சு முழுவதும் எழுந்து வந்து பானட்டைச் சுற்றி நின்றது. முன்னால் நின்றவர் கோயில்பிச்சை அண்ணாச்சி, மீன் ஏலம் விடுகிறவர், எதையும் மூன்று தரம் சொல்லி முடிக்கிற குரல் உள்ளவர்.

“என்ன மெல்கி, என்ன கோளாறு, எதுல கோளாறு?”

மெல்கியோர் போர்டைப் பார்த்தான். “சென்சார் போச்சு அண்ணாச்சி” என்றான். “புதுசு வரணும்.”

ஒரு பாவமும் அறியாத சென்சாரின் மேல் பழியைப் போட்ட அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம், நாளைக் காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் ஒயரைச் சத்தமில்லாமல் ஒட்டிவிடலாம் என்பதுதான். ஆனால் கம்ப்யூட்டர் ஒயரை நம்பிவிட்டிருந்தது. கம்ப்யூட்டரை இஞ்சின் நம்பியது. இஞ்சினைப் பானட் நம்பியது. மறுநாள் அவன் பட்டறைக்கு வந்தபோது காரின் முன்பகுதி முழுக்க விரற்கடை கனத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது, பாதி ஊர் அங்கே இருந்தது, அதில் ஒருவர்கூட வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். பரம்பரை பரம்பரையாகப் பனிமாதாவைக் கும்பிடுகிற கரை அது. பனி என்றால் என்னவென்று பார்க்காமலே பனிக்காக விரதமிருந்து, பஞ்சைப் பிய்த்துப் பீடத்தில் ஒட்டி, ஆடி வெயிலில் சப்பரம் தூக்கியவர்கள். பனி வந்ததைப் பற்றி அவர்களுக்கு இருந்த ஒரே கேள்வி, ஏன் இத்தனை தாமதம் என்பதுதான். பங்குச் சாமியார் மட்டும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார், எழுதினார், பதில் வரும்வரை தானும் தினமும் வந்து, யாரும் பார்க்காதபோது பானட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கோயில்பிச்சை இரண்டு சீலாமீனைப் பானட்டில் கிடத்தினார், பத்து நிமிஷத்தில் அவை தட்டினால் விறகுக்கட்டை போலச் சத்தம் எழுப்பின. அதற்கடுத்த நாளிலிருந்து காலை ஐந்து முதல் ஏழு வரை மீனுக்கு என்று ஆனது. ஏழு மணிக்குக் கலிஸ்தா வண்டியை அளங்களுக்கு எடுத்துப் போவாள், கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அது போவதைக் குழந்தைகள் கையாட்டி அனுப்பின. நாலு மணிக்குத் திரும்பியதும் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு, ஐந்துக்குக் கல்யாணப் பூக்கூடைகளுக்கு, ஆறுக்கு வேர்க்குரு வந்த பெண்களுக்கு. கண்ணாடியில் சுரண்டிய பனியில் பட்டுராஜன் நன்னாரி சர்பத் போட்டார். அம்மன் கோயில்காரர்கள் கூழ்ப் பானையைக் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, இது எங்களுக்கும் உள்ளதுதான் என்றார்கள், யாரும் மறுக்கவில்லை. ஐஸ் பிளான்ட் முதலாளி முதல் வாரம் கலெக்டருக்கு மனு எழுதினார், இரண்டாம் வாரம் வண்டிக்கென்று ஊர் போட்ட கமிட்டியின் துணைத்தலைவர் ஆனார். குன்னூர் எஸ்டேட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர், பனியில் எப்படி மூச்சுவிட வேண்டும் என்று மாலைகளில் வகுப்பெடுத்தார். அங்கே பனி எப்போதாவது புல்லில்தான் விழும் என்பதை அவர் சொல்லவில்லை.

மெல்கியோர் சொன்ன பொய்க்குச் சாமான் தேவைப்பட்டது, ஆகவே மதுரையிலிருந்து புது சென்சார் வரவழைத்து, எல்லாரும் பார்க்க மாட்டினான். மைனஸ் நாற்பது. கூட்டம் சந்தோஷமாகப் பெருமூச்சு விட்டது. “சென்சாரயும் மீறிப் பனி நிக்கி பாத்தியா” என்றார் கோயில்பிச்சை. அவன் பழைய சென்சாரைத் திரும்ப மாட்டிவிட்டு, புதியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “அப்ப கம்ப்யூட்டரா இருக்கும்” என்றான். இரண்டாவது பொய் முதலாவதை விடச் சுலபமாக வந்தது. ஒயரைத் தொடச் சந்தர்ப்பமே இல்லை. கார் நிற்கிற நேரமெல்லாம் அதைச் சுற்றி வரிசை நின்றது, வரிசை இல்லாதபோது கமிட்டி ஆள் இரண்டு பேர் காவல் இருந்தார்கள். சந்தர்ப்பம் இல்லாததில் தனக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் அவன் கவனித்தான். அதுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் கலிஸ்தா பட்டறைக்குள் வந்து, குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவனின் பிடரியில் கையை வைத்தாள். அவன் துள்ளி விழுந்தான்.

“என் கை உனக்குத் தெரியுது” என்றாள் அவள். “உன் கழுத்து எனக்குத் தெரியல.”

“எப்ப இருந்துக்கா?”

“மொதல்ல சுண்டுவிரலு. இப்ப வலது கையில பெருவிரல் தவிர நாலும். ரெண்டு நாள் வண்டிய எடுக்காம நடந்தே போய்ப் பாத்தேன், திரும்பல.” அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “நேத்து ஆறாம் நம்பர் அளத்துல ஒரு கைப்பிள்ளைக்கு நாடி பாக்கேன். ஒண்ணுமே இல்ல. பிள்ள போயிட்டுன்னே நெனச்சேன். அது என்னயப் பாத்துக் கொட்டாவி விடுது.”

அவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“முத்துக்கனிக்கு அடுத்த மாசம், ரெண்டாவது. பிள்ள குறுக்க கெடக்குன்னு நெனைக்கேன். நெனைக்கத்தான் முடியுது. தல எங்க, முதுகு எங்கன்னு வயித்துல கைய வச்சுப் பாக்கணும்லா? அவள இந்த வண்டியில டவுனுக்கு ஏத்திட்டுப் போனா, போய்ச் சேருமுன்னே ரெண்டு பேரும் வெறச்சிருவாவ. வேற வண்டி வரப்புல வராது.” அவள் நாலு விரல்களையும் அவன் மேசை விளிம்பில் தட்டினாள், மரம் மரத்தில் தட்டுகிற சத்தம். “கம்ப்யூட்டர் எப்ப வரும்?”

மெல்கியோர் நீண்ட நேரம் ஒரு ஸ்குரூவைத் துடைத்தான். “அக்கா, அது கம்ப்யூட்டர் இல்ல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஊசி என்னோடதுலா” என்றாள் கலிஸ்தா. “நீயா சொல்லுவன்னு பாத்தேன். நானும் சொல்லாமத்தான் இருந்தேன், அதனால உன்னய மட்டும் குத்தம் சொல்ல வரல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மீன் ஏலக் கூடத்தில் கமிட்டி கூடியபோது அவன் போய் நடுவில் நின்றான். சொல்ல வேண்டியதை மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தான். ஆனால் வாயில் வந்தது நாலே வாக்கியம். அது பனி இல்லை, அறுந்த ஒயர். அறுத்தது நான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஊசி குத்தினேன். சென்சார் என்று சொன்னது பொய்.

அடி விழும் என்று அவன் எதிர்பார்த்தான், சொல்லப்போனால் அதை விரும்பினான்.

“என்ன ஊசி?” என்றார் கோயில்பிச்சை.

“மருந்து போடுத ஊசி.”

“ஆரு குடுத்தா?”

“கலிஸ்தாக்கா.”

“எதுக்காவக் குத்துன?”

“ஒன்பதாம் நம்பர் அளத்துல, முத்துக்கனி பிரசவத்துக்கு. அவசரம்.”

கோயில்பிச்சை திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். இத்தனை நாளும் ஊரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒரு சந்தேகம், அதாவது மாதா ஏன் போயும் போயும் ஒரு காரைத் தேர்ந்தெடுத்தாள் என்பது, அந்த நிமிஷத்தில் தீர்ந்துபோனது: ஒரு பிள்ளையின் உயிருக்காக ஒருவன் தன் சத்தியத்தை முறித்திருக்கிறான், முறித்த இடத்தில் பனி பூத்திருக்கிறது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவன் செய்த குற்றம் அற்புதத்தின் முதல் அத்தியாயமாகிவிட்டது. துணைத்தலைவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாருமே திட்டவில்லை. கட்ட வந்த கடனை வாங்க மறுக்கிற வீட்டு வாசலில் நிற்பதைப் போல அவன் நின்றான்.

“ஒயர ஒட்டணும் அண்ணாச்சி. அக்கா கை மரத்துப் போச்சு.”

“மருந்து போட்டா சரியாப் போவும்” என்றார் கோயில்பிச்சை. “பூத்தத நாம தொடலாமா? நீயே சொல்லு. தொடலாமா?”

அப்போது கலிஸ்தா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, கோயில்பிச்சையின் கன்னத்தில் நாலு விரலையும் அழுத்தி வைத்தாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். நாலில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, ஏழில் பல் தந்தியடித்தது, பத்தில் அவள் கையை எடுத்தபோது கன்னத்தில் நாலு வெள்ளைக் கோடுகள் இருந்தன.

“உம்ம ரெண்டு பிள்ளையயும் இந்தக் கைதான் எடுத்துச்சு” என்றாள். “உங்களுக்கு ஐஸ்பெட்டி வேணும்னா ஒண்ணு வாங்கி வைங்க. எனக்கு இது கை.”

கோயில்பிச்சை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். “சரி” என்றார் ஒருதரம் மட்டும். பிறகு ஏலக்காரரின் குணம் விடாமல், “வெட்டுத ஒயரு துண்டு ஊருக்கு வேணும்” என்றார்.

புதன்கிழமை காலை ஊர் முழுக்கக் கூடியிருந்தது. மெல்கியோர் குன்னூர்க்காரரின் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டான். மீட்டரின் கண்ணாடியில் எழுத்து உறைந்துபோகாமலிருக்க அதை அக்குளில் வைத்திருந்து எடுத்து எடுத்துப் பார்த்தான். வளைவில், கொசு கடித்த தடம் போல ஒரு புள்ளி. அதற்கு இருபுறமும் வெட்டியபோது, முழுசாகத் தெரிந்த தோலுக்குள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. இரண்டு அங்குலத் துண்டைக் கோயில்பிச்சை ஜெபமாலை டப்பியில் வாங்கிக்கொண்டார். புது ஒயரை இணைத்து, ஈயம் வைத்து, மேலே குழாய் போட்டுச் சூடு காட்டி இறுக்கி, மீட்டரை வைத்தான்: ஐந்து வோல்ட். சென்சாரைச் சொருகினான். ஸ்கேனரைப் பார்த்தான்.

மைனஸ் நாற்பது.

கூட்டம் முழுக்க ஒரே குரலில் மாதாவை அழைத்தது. மெல்கியோர் தரையில் உட்கார்ந்துவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில், சரியான இடத்தைச் சரி செய்த பிறகு எண் மாறாமல் நின்றது அவனுக்குத் தெரிந்து இல்லை. எர்த்தைப் பார்த்தான், கனெக்டரைப் பார்த்தான், எல்லாம் சுத்தம். சட்டைப்பையிலிருந்த புது சென்சார் ஞாபகம் வந்தது; பழையதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஒயரை மட்டும் புதியதில் சொருகி, பக்கத்தில் யாரோ வைத்திருந்த டீக் கிளாஸில் அதை முக்கினான். எழுபத்தொன்று என்றது ஸ்கேனர். டீயிலிருந்து எடுத்துத் துடைத்தான், முப்பத்தாறு. ஒயர் நல்லது. கம்ப்யூட்டர் நல்லது. இஞ்சினுக்குள் இருந்த பழைய சென்சாரும் நல்லதுதான்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த இஞ்சின் இப்போது உண்மையாகவே மைனஸ் நாற்பதில் இருந்தது. நாற்பது நாளுக்கு மேல் ஒரே பொய்யைக் கேட்டுக் கேட்டு அது அப்படியே ஆகிவிட்டது. அறுந்த ஒயர் சொன்ன பொய்யும், ஒட்டிய ஒயர் சொல்லும் உண்மையும் ஒரே எண்ணில் வந்து நின்றன. உண்மையை எடுத்துச் சொல்ல வழி செய்துவிட்டால் போதும் என்று நம்பியே அவன் இத்தனை காலம் தொழில் பார்த்திருந்தான்.

“என்னலே?” என்றாள் கலிஸ்தா.

“திருப்பிப் பொய் சொல்லணும்க்கா” என்றான் அவன். பிறகு எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினான்: “பட்டுராஜண்ணாச்சி! டீ!”

“எத்தன?”

“வந்துகிட்டே இருக்கட்டும்!”

இஞ்சினை ஓடவிட்டு, சென்சாரை டீயில் முக்கிப் பிடித்தான். எழுபத்தெட்டு. கம்ப்யூட்டர் நம்பியது, அது எதையும் நம்புகிற ஜாதி. இஞ்சின் சுலபத்தில் நம்பவில்லை. டீ ஆறி அறுபதுக்கு வந்தால் அடுத்த கிளாஸ், அது ஆறினால் அதற்கடுத்தது. பட்டுராஜனுக்குக் கை போதாமல் கூட்டத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தார், பிறகு இரண்டு பேர், பிறகு கடையிலிருந்து காருக்கு ஒரு வரிசையே நின்று கைக்குக் கை கிளாஸ் மாற்றியது. ஐஸ் உருகக் கூடாது என்று நினைத்தவர்கள்தான் அவர்கள், ஆனால் கையில் சூடான கிளாஸ் வந்தால் அடுத்தவரிடம் கொடுக்காமல் என்ன செய்வது? நாற்பத்து மூன்றாவது கிளாஸில் பம்பரிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. மூன்றரை மணிக்குக் காருக்கு அடியிலிருந்து ஓடை கிளம்பி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தாரில் பாதி வழியிலேயே ஆவியானது. நாலு மணிக்கு டீ சென்சாரைக் கழற்றிவிட்டு, இஞ்சினுக்குள் இருந்ததற்கு ஒயரைச் சொருகினான். எண்பத்திரண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் காருக்கும் உள்ளது.

அந்த நொடியில்தான் எல்லாருக்கும் ஒரேயடியாக வேர்த்தது. பிள்ளைகள் அழுதன. எல்லாரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒயர்த் துண்டு கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது, பச்சைப் பொடி ஒரு சிமிழில். அற்புதத்தைத் தொடங்கியவன் என்று அவன் கையைக் குலுக்கியவர்கள், முடித்தவன் என்று இப்போது அவனைத் தாண்டிப் போனார்கள். கோயில்பிச்சை டீக்கடையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மெல்கியோர் போர்டின் கடைசி வரியைக் கறுப்புப் பெயிண்டால் அடித்தான். வெயிலில் அது உலர்ந்ததும் எழுத்துகள் அடியில் மேடாகத் தெரிந்தன, தெரியாதவர்களும் இப்போது நின்று படித்தார்கள்.

கலிஸ்தாவின் விரல்கள் மட்டும் திரும்பவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. அவள் வெயிலில் கையை நீட்டி உட்கார்ந்தாள், எண்ணெய் தேய்த்தாள், டவுன் டாக்டரிடம் காட்டினாள். அவர் நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். ஒயர் நல்லது, சென்சார் நல்லது என்று மெல்கியோருக்குக் கேட்டது.

ஆனி மாதம் முடிகிற வாரம், ஒரு காலைப் பொழுதில், முத்துக்கனியின் புருஷன் மூச்சிரைக்க சைக்கிளில் வந்து டீக்கடை முன்னால் நின்றான். வலி தொடங்கிவிட்டது, டவுன்வரை தாங்காது என்றான். கலிஸ்தா பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் மெல்கியோர்.

“நீ முன்ன போ, வாரேன்” என்றாள் அவனிடம். பிறகு மெல்கியோரைப் பார்க்காமல், “கை வந்துட்டு” என்றாள்.

“எப்பக்கா?”

“இப்பதான். அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க. நல்லா கொதிக்க.”

பட்டுராஜன் கிளாஸைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். கலிஸ்தா அதை வலது கையால் சுற்றிப் பிடித்தாள். நாலு விரலும் கண்ணாடியில் முழுசாகப் படிந்திருந்தன, ஆவி அவள் முகத்தில் அடித்தது, விரல்கள் அசையவில்லை.

“சூடு தெரியுதாக்கா?”

“தெரியுது.”

தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். தோல் சிவந்து, சிவப்புக்கு நடுவே வெள்ளை கண்டது. அவள் நேராகப் பார்த்தபடி, ஜெபம் சொல்கிற குரலில், தெரியுது, தெரியுது என்றாள். கிளாஸைப் பிடுங்க அவன் கை எழுந்தது. இஞ்சினுக்குத் திருப்பிச் சொன்ன பொய் ஞாபகம் வந்து, பாதியில் நின்றது.

“ஆறிட்டு” என்றான் அவன். “அண்ணாச்சி, இன்னொண்ணு.”

பட்டுராஜன் அவனை ஒருமாதிரி பார்த்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கோயில்பிச்சை திரும்பினார். என்ன நடக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்து போய், தானே கிளாஸை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். மூன்றாவதையும் அவர்தான் வைத்தார்.

“தெரியுதா கலிஸ்தா, தெரியுதா?”

“தெரியுது அண்ணாச்சி. தெரியு... ஆத்தா!”

கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது. கலிஸ்தா நாலு விரலையும் வாய்க்கு முன்னால் வைத்து ஊதினாள், கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “சுடுதுலே பாவி, சுடுது, எனக்குச் சுடுதுலே” என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகி, வரப்புப் பாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கோயில்பிச்சை அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெல்கியோர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். கடைசித் துண்டு அவன் சுட்டுவிரலில் ஊசி போல ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது. அவன் பட்டறைக்குப் போய், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, துவாரத்தின் மேல் இறுக்கமாக மூன்று சுற்றுச் சுற்றினான்.